இன்ஸ்பெக்டர் மெச்சிய வருஷம்

போன வாரம் மருமகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "அத்தே, எங்க ஸ்கூலுக்கு நல்ல ரிப்போர்ட்டு வந்துட்ச்சி!" என்றாள். புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் அவள் டீச்சர். திருப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தார்களாம். மதியச் சோற்றில் ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்த்தார்களாம். எல்லாம் பிரமாதம், மண்டலத்திலேயே முதல் என்று சொல்லிவிட்டார்கள். பையிலிருந்து ஸ்வீட் டப்பாவை எடுத்து, "வாயத் தொறங்க" என்றாள்.

திறந்தேன். மைசூர்பாகு. நெய் நல்ல நெய்தான், ஆனால் பாதியோடு நிறுத்தி மிச்சத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

"இன்னா அத்தே, மூஞ்சி இப்டி கீது? சந்தோசமே இல்லியா?"

"சக்கர ஏறிடுமேன்னு பயம்மா" என்று சமாளித்தேன். அவளும் நம்பிவிட்டாள்.

சிலேட்டை எச்சில் தொட்டுத் துடைத்து, கோவை இலையால் மெருகு போட்டு வளர்ந்த என் வயசுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர் வந்தது என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் மோர் வாசனை வருகிறது. பெருங்காயம் தட்டிப்போட்ட மோர். அதற்குப் பின்னாலேயே பெரியப்பா மகள், எங்கள் அக்காவின் முகம் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வருஷம் நல்ல பேர் வந்தது. அந்த நல்ல பேரை வாங்கிக் கொடுத்த வாய் என்னுடையது.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில். ஆந்திராதான், ஆனால் ஊரில் பாதி தமிழ்க் குடும்பம். எங்கள் நைனாவுக்கு, அப்பாவைத்தான் சொல்கிறேன், முப்பாட்டன் காலத்திலிருந்தே அங்கேதான் கரும்பும் வேர்க்கடலையும். அப்போதெல்லாம் மண்டலம் கிடையாது, பல ஊர் சேர்ந்த பஞ்சாயத்துச் சமிதி. பள்ளிக்கூடமும் சமிதி ஸ்கூல்தான். நீளமாக ஒரே ஒரு கூடம், நடுவில் மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ். அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர், இந்தப் பக்கம் எங்கள் வாத்தியார். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் எங்களுக்கும் கேட்கும். அதனாலேயே எனக்கு இரண்டு பாஷையிலும் வாய்ப்பாடு வரும். இன்றைக்கும் கறிகாய்க் கணக்கை மனசுக்குள் தெலுங்கில்தான் போடுகிறேன்.

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் எந்தப் பாஷைக்காரரோ அவர் பாஷையில்தான் பேசுவோம். அதுதான் மரியாதை. மாடு பிடிக்க வருகிற தெலுங்குக்காரரிடம் நைனா ஒரு வார்த்தை தமிழில் பேச மாட்டார். அவர் திரும்பிப் போன பிறகு மாட்டிடம் தமிழில் பேசுவார். "பாஷ தெரிஞ்சும் பேசாம கீறது, தண்ணி கீதும் குடுக்காம கீற மாதிரி" என்பார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லாம் இந்த மரியாதையில்தான் வந்தது.

அக்கா அந்த வருஷம் ஆடியில்தான் ஊருக்கு வந்து சேர்ந்தாள். பெரியப்பா அரக்கோணம் பக்கம் ஒரு மில்லில் வேலையாக இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார். அக்கா என்னைவிட ஒரு வயசுதான் பெரியவள், ஒல்லி, காது மட்டும் பெரிசு. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், எங்கேயும் முட்டாமல் மோதாமல் கடகடவென்று வாசிப்பாள். வாத்தியார் மத்தியானத்தில் அவளை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து நாங்கள் கிள்ளி விளையாடுவோம். அவள் ஒரு வரியை விட்டுவிட்டால் கண்ணைத் திறக்காமலேயே, "ஒரு வரி தாண்டிட்டியேம்மா" என்பார். ஆனால் தெலுங்கில் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஒரு சொல்லும் புரியாது. கடையில் உப்பு வாங்கப் போனாலும் நான் கூடப் போக வேண்டும்.

சங்கராந்தி முடிந்து கரும்பு ஆட்டுகிற காலம். ஊர் முழுக்க வெல்லம் காய்ச்சுகிற வாசனை. துணியில், தலைமயிரில், புத்தகத்தில்கூட அந்த வாசனைதான். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. உங்கள் பள்ளிக்கூடத்தில் எப்படியோ, எங்கள் பள்ளிக்கூடத்தில் அது கல்யாண வேலைதான். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்குச் சாணம். கர்ணம் வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி, நிலம் நிறைய இருந்த பெரிய ரைத்து வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம். பூகோள உருண்டை மட்டும் எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் கேரியரில் வந்தது. அங்கே முதல்நாள்தான் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எங்களிடம் பார்த்து முடித்ததும் அடுத்த ஊருக்கு ஓடியது. ஆப்பிரிக்கா கிழிந்து போன உருண்டை. அந்த மனிதர் ஊர் ஊராக அதே கிழிந்த ஆப்பிரிக்காவைப் பார்த்திருப்பார், பாவம். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாத்தியாருக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. இன்ஸ்பெக்டர் கடற்கரை ஜில்லாக்காரர், தமிழ் துளியும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். தெலுங்குப் பக்கத்தைப் பற்றி நல்லதாகச் சொல்வார், எங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

"நீங்க பாடறது அவருக்கு மழை பேயற சத்தம் மாதிரிதான்டா" என்றார் வாத்தியார். "அவரு நம்ம வூட்டுக்கு வர்ற விருந்தாளி. அவரு மேல தப்பு இல்ல. இந்தத் தபா அவரு பாஷையிலயே சொல்லிக் காட்டுவோம். தமிழ்ப் பசங்கன்னா இன்னான்னு தெரியட்டும்."

அன்றிலிருந்து எங்களுக்குத் தெலுங்கு. வரவேற்புப் பேச்சு தெலுங்கில், செய்யுள் தெலுங்கில், மனக்கணக்கு தெலுங்கில். வாத்தியார் தமிழ் சொல்லிக் கொடுக்க வந்தவர். அந்த மாதம் முழுக்கத் தொண்டை கட்டத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது விளையாட்டு மாதிரி வந்தது. அக்காவுக்கு நாக்கு திரும்பவில்லை. அவள் சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். நான்தான் முதலில் சிரிப்பேன்.

முதல்நாள் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் தட்டியைத் தாண்டி வந்து, அக்காவைக் காட்டி, "இத நாளைக்கு வூட்லயே வெச்சிடு" என்றார் வாத்தியாரிடம். வாத்தியார் தயங்கினார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ பின்னால விருந்து சமைக்க வர்ற சமையல்காரம்மாகிட்ட இரும்மா. அய்யாவுக்கு மோரு ஊத்தணும், நீதான் சிந்தாம ஊத்துவே" என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய பொறுப்பு என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து பாவாடையைத் துவைத்துப் போட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பவுடர் வாசனை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். வாழ்க்கையில் அப்படியொரு பென்சிலை நான் பார்த்ததில்லை. செய்யுளைச் சொன்னேனா பென்சிலைப் பார்த்தேனா என்று இன்றும் தெரியாது. ஆனால் பிசகாமல் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, "சாலா பாகா செப்பினாவு" என்றார். ரொம்ப நன்றாகச் சொன்னாய் என்று. நல்ல மனிதர். குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இது வாத்தியார் சொல்லிக் கொடுத்ததில் இல்லாத கேள்வி. "தெலுகுலோ சதவடம் கஷ்டமா அம்மா?" தெலுங்கில் படிப்பது கஷ்டமா என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு நான் நிறுத்தியிருக்கலாம். விருந்தாளியிடம் அவர் மனசுக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பாடம். பென்சில் வேறு கண்ணுக்கு நேராக இருந்தது. "லேது சார். மாகு தெலுகே இஷ்டம்" என்றேன். எங்களுக்குத் தெலுங்குதான் பிடிக்கும். எனக்கு என்றுகூடச் சொல்லவில்லை. எங்களுக்கு என்றேன். முழு வகுப்புக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு அந்தப் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, பெருமையில்.

மத்தியானம் கூடத்திலேயே இலை போட்டார்கள். நன்றாகச் சொன்ன பிள்ளை என்று என்னையும் ஓரமாக உட்கார வைத்தார்கள். பாயசம் வந்தது. அக்கா மோர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நுவ்வு ஏ க்ளாஸம்மா?" என்று கேட்டார். எந்த வகுப்பு என்கிறார். க்ளாஸ் என்ற சொல் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹெட்மாஸ்டர், "மன ஸ்கூல் பில்ல காது சார். வண்டமனிஷி கூதுரு" என்றுவிட்டார். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, சமையல்காரி மகள்.

வாத்தியார் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ நல்லதுதான் சொல்கிறார்கள் என்று சிரித்தாள். பிள்ளைகளில் புரிந்தவள் நான் ஒருத்திதான். என் வாயில் பாயசம் இருந்தது. அதை விழுங்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள். "உன்ன இன்னாடி சொன்னாரு அந்தாளு? சாலா... இன்னா அது?"

"சாலா பாகா செப்பினாவு. ரொம்ப நல்லா சொன்னேன்னு அர்த்தம்."

அவள் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் கற்றுக்கொண்ட முதல் தெலுங்கு அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு, "என்னைப் பத்தி பெரிய வாத்தியாரு இன்னாடி சொன்னாரு?" என்றாள்.

"நல்ல பொண்ணுன்னாரு."

"அப்டியா" என்றாள். நடையிலேயே ஒரு துள்ளல் வந்தது.

ரிசல்ட் வந்தபோது ஊரே குதித்தது. சமிதியிலேயே எங்கள் பள்ளிக்கூடம் முதல். ஹெட்மாஸ்டர் இன்ஸ்பெக்டரின் குறிப்பைத் தெலுங்கில் படித்துக் காட்டினார், வாத்தியார் தமிழில் சொன்னார். தமிழ்ப் பிள்ளைகள் இவ்வளவு நல்ல தெலுங்கு பேசி நான் எங்கேயும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாராம். நைனா ஆலையிலிருந்து சூட்டோடு ஒரு வெல்ல உருண்டையைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து வாத்தியார் கையில் கொடுத்தார். "இனிமே பாருங்க, நம்ம ஸ்கூலுக்கு இன்னொரு வாத்தியாரக் குடுப்பாங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அக்கா கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று தட்டி இல்லை. கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெலுங்கு இவ்வளவு நன்றாக வருகிறபோது தனியாக ஒரு தமிழ் வாத்தியார் எதற்கு என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். வாத்தியாரைச் சத்தியவேடு பக்கம் மாற்றிவிட்டார்கள். நைனாவும் மற்றவர்களும் சமிதி ஆபீசுக்குப் போய் நியாயம் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்கிறீர்கள்? தெலுங்கில்தான். அங்கே இருந்தவர், "மீக்கே இந்த பாகா ஒஸ்துந்தி கதா" என்றாராம். உங்களுக்கே இவ்வளவு நன்றாக வருகிறதே என்று. திரும்பி வந்துவிட்டார்கள்.

வாத்தியார் டிரங்குப் பெட்டியை எடுக்க வந்தார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ நல்லாத்தான் சொன்னம்மா. நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் அவர் சொல்லிக் கொடுத்தது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழ்ப் புத்தகங்கள் நாலைந்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

தெலுங்கு எழுத்து தெரியாது என்று அக்காவை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மூக்கு ஒழுகும் பொடிசுகளுக்கு நடுவில் அவள் மட்டும் நெட்டையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கடகடவென்று வாசித்தவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு கரும்பில் காய்ந்த சோகை இலை கழிக்கப் போகிறேன் என்றுவிட்டாள். "பொட்டப் புள்ளதானே" என்றார் பெரியப்பா. அதோடு முடிந்தது. பென்சிலை அவளிடம் கொடுத்துப் பார்த்தேன். "எனக்கு எதுக்குடி, நீ வெச்சிக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிவப்பு முனை முதலில் தீர்ந்தது. மிச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நான் தெலுங்கிலேயே படித்து, திருப்பதியில் ஆபீஸ் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறேன். ஆனால் இதைத் தமிழில் எழுத முடிகிறது என்றால் அது அக்கா புண்ணியம். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் விடாமல் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, என்னையும் வாசிக்க வைத்தவள் அவள்தான். அவள் புத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். சந்தையில் பேசிப் பேசித் தெலுங்கு பேச வந்துவிட்டது. எழுத்து மட்டும் வரவில்லை. பஸ் போர்டை இன்றும் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்கிறாள். ஹெட்மாஸ்டர் அன்றைக்குச் சொன்னது அவள் ஞாபகத்தில் இருக்கிறதா, பாஷை தெரிந்த பிறகு என்றைக்காவது அதை நினைத்துப் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மைசூர்பாகு கதைக்கு மறுநாள் அக்கா திருப்பதிக்கு வந்தாள். கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். இருட்டு அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். எதிரே வெளிச்சப் பலகையில் தெலுங்கு எழுத்துகள். நர்ஸ் பெண் குச்சியால் தொட்டுக் காட்டினாள். அக்கா பேசாமல் இருந்தாள். முதல் எழுத்து பானை அளவுக்கு இருக்கிறது, அதுவும் தெரியவில்லையா என்று அந்தப் பெண் பதறிப்போனாள். பிறகு புரிந்துகொண்டு, "சதுவு ராதா அவ்வா?" என்றாள். படிக்கத் தெரியாதா பாட்டி.

அக்கா சிரித்தாள். மோர்ச் செம்போடு நின்ற அதே சிரிப்பு.

"எந்துகு ராது? வச்சு. தமிழ் சதுவுதுந்தி" என்றேன். ஏன் தெரியாது, தெரியும், தமிழ் படிப்பாள் என்று. தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தமிழ் போர்டு மா தக்கர லேதம்மா" என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்ல முடியாது, இல்லாததற்கு அவள் என்ன செய்வாள்? படிக்காதவர்களுக்கு என்று வைத்திருக்கும் பலகையைத் திருப்பினாள். சீப்பு மாதிரி ஒரே உரு, மேலே, கீழே, பக்கவாட்டில் என்று திரும்பித் திரும்பி இருக்கும். பல் எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட வேண்டும். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கையை நீட்டிக் காட்டத் தொடங்கினாள். மேலே, இந்தப் பக்கம், கீழே, மறுபடியும் கீழே. வரிசை இறங்க இறங்க உரு சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு கண்ணில்தான் புரை முற்றியிருந்தது. இன்னொரு கண்ணால் கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டாள். எங்கேயும் முட்டவில்லை.

"சாலா பாகா செப்பினாவு அவ்வா!" என்றாள் நர்ஸ் பெண்.

அக்கா கண்ணை மூடியிருந்த கையை எடுத்தாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுகினியாடி?" என்றாள். "என்னையுந்தான் சொல்லிட்டாங்க."